பொத்தானா, பெட்டியா?

நம் சங்கத்துக்குச் சொந்தமான இரண்டு பழைய டீஸல் லாரிகளில் ஒன்றுக்குப் புதிய ஹீட்டர் பெட்டி வாங்குவதா, அல்லது இரண்டு வருஷங்களாக அதில் இருந்துவரும் பொத்தானை வைத்துக்கொண்டே காலந்தள்ளுவதா என்னும் கேள்வி, அடுத்து நடக்கவிருக்கும் மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்களின் முடிவுக்கு வருகிறது. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிக்குமேல் இடம் கொள்ளாத செலவு இது. இதற்கு ஒரு கட்டுரையும் வேண்டுமா என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். ஆனால் அந்தச் சிறு பொத்தானின் பின்னால், ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் மூன்று மாதம் தொடர்ந்து செய்யப்பட்ட பிடித்தமும், நிர்வாகக் குழுவினராகிய நாம் அவசரப்பட்டுக் கூறிய ஒரு தீர்ப்பும் இருக்கின்றன. ஆகையால் விஷயத்தை அடியிலிருந்து விளக்கி, நம் அபிப்பிராயத்தையும் வெளியிடுவது கடமையெனக் கருதுகிறோம்.

இந்த லாரிகளை அறியாத அங்கத்தினர் இல்லை. திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் கத்தரி, வெண்டை, முருங்கை, கீரை ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டால்தான் கோயம்பேட்டில் நல்ல விலை கிடைக்கும். 1996-இல் திறக்கப்பட்ட அந்தச் சந்தையில், பொழுது விடிந்த பின் சரக்கை இறக்குகிறவர் கேட்கும் விலையை யாரும் செவிமடுப்பதில்லை. அங்கிருந்து திரும்பும் லாரி, அதே நாளில் காஞ்சிபுரம் சென்று நம் நெசவாளர் வீடுகளுக்குப் பட்டு நூலும் ஜரிகையும் கொண்டுவந்து சேர்க்கிறது. நடுநிசியில் இஞ்சின் எழும்ப மறுத்தால், ஒருவர் வீட்டில் கீரை வாடுகிறது; மற்றொருவர் வீட்டில் ஊடை நூல் இன்றித் தறி நிற்கிறது. ஆகவே இஞ்சின் ஸ்டார்ட் ஆகும் அந்த அரை நிமிஷம் நம் இரு பிரிவினருக்கும் பொதுச் சொத்தாகும்.

டீஸல் இஞ்சினில் பெட்ரோல் இஞ்சினைப் போலத் தீப்பொறி கிடையாது. ஜெர்மானியரான ருடால்ஃப் டீஸல் 1890-களில் செய்து காட்டிய தத்துவம் எளியது. காற்றை வலுவாக அமுக்கினால் அது சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. கிணற்றடியில் கைப்பிடியால் சுழற்றி ஓட்டும் டீஸல் இஞ்சினுக்கு வேறு எந்தச் சூட்டுச் சாதனமும் வேண்டியிருப்பதில்லை என்பதையும் நம் சாகுபடியாளர்கள் அறிவார்கள்.

ஆயினும் எல்லா டீஸல் இஞ்சின்களும் ஒரே அமைப்புடையவை அல்ல. ஒரு வகையில், பிஸ்டனின் தலையிலுள்ள குழியில் எண்ணெய் நேராகத் தூவப்படுகிறது. மற்றொரு வகையில், சிலிண்டருக்குத் தலைமாட்டில் ஒரு சிறிய முன்னறை உண்டு. எண்ணெய் முதலில் அவ்வறையில் பற்றி, பிறகு சிலிண்டருக்குள் பாய்கிறது. இதனால் சத்தம் குறைகிறது. சிறிய இஞ்சின் வேகமாகச் சுழலவும் முடிகிறது. ஆனால் முன்னறையின் குளிர்ந்த சுவர்கள் அமுக்கிய காற்றின் சூட்டை உறிஞ்சிவிடுகின்றன. காற்றை இருபத்திரண்டில் ஒரு பங்காக அமுக்கினாலும், ஆறிப்போன இஞ்சினில் சூடு போதாமற் போகிறது. இக்குறையைத் தீர்ப்பதற்காக முன்னறைக்குள் விரல் நுனிபோல் நீட்டிக்கொண்டிருப்பதே ஹீட்டர் பிளக். புத்தகங்களில் இதனைக் குளோ பிளக் என்று குறிப்பிடுவர். பாட்டரி மின்சாரத்தினால் அதன் முனை 850 டிகிரி செல்ஷியஸும் அதற்கு மேலும் சூடேறிச் செந்தணலாகிறது. தூவிய எண்ணெய் அதன் அருகே பற்றிக்கொள்கிறது. இஞ்சின் ஓடிச் சூடான பின் பிளக்குக்கு வேலையில்லை.

இவ்விரு வகைகளும் நம் பகுதிக்குப் பழகியவையே. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய கம்பெனியின் எண்ணூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த கோமெட் லாரிகள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஹீட்டர் பிளக் வேண்டியிருந்ததில்லை. 1954-இல் டாட்டா கம்பெனியார் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கம்பெனியாருடன் உடன்படிக்கை செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் செய்த மெர்ஸிடிஸ் வகை லாரிகளில் முன்னறையும் பிளக்கும் இருந்தன. பின்னாளில் பெருகிய சிறு வேன்கள், ஜீப்புகள், 2005-இல் வந்து 'குட்டி யானை' என்று எல்லோர் வாயிலும் பெயர் பெற்ற டாட்டா ஏஸ் ஆகியவற்றின் டீஸல் இஞ்சின்களிலும் முன்னறை அமைப்பே மிகுதியாக வழங்கியது. நம் சங்கத்தின் இரு லாரிகளும் இவ்வகையினவே.

இனி, பிளக்கைச் சூடாக்கும் அதிகாரம் யார் கையில் இருப்பது என்பதே கேள்வி. ஆதியில் அது டிரைவர் கையில் இருந்தது. பழைய லாரிகளில் பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரம்போல் இணைக்கப்பட்டிருந்தன. அதே சரத்தில் டாஷ்போர்டில் ஒரு சிறு கம்பிச் சுருளும் இருக்கும். டிரைவர் ஸ்விட்சை இழுத்துப் பிடிப்பார். சுருள் சிவந்தால் உள்ளே பிளக்குகளும் சிவந்தன என்று பொருள். உடனே செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவார். சரத்தில் ஒரு பிளக் அறுந்தாலும் எல்லாம் அணைந்துபோகும். டாஷ்போர்டுச் சுருளும் இருண்டுவிடும். பழுதை ஒளிக்கத் தெரியாத அமைப்பு அது.

பிற்கால வண்டிகளில் பிளக்குகள் தனித்தனியே பாட்டரியோடு இணைக்கப்பட்டன. ஒன்று அறுந்தாலும் மற்றவை வேலை செய்யும். இது பெரிய நன்மை. ஆனால் அறுந்துபோன செய்தி டிரைவருக்குத் தெரிவதில்லை என்பது அதனோடு வந்த குறை. பிறகு, இருபது முப்பது விநாடிகள் எடுத்துக்கொண்ட பழைய பிளக்குக்குப் பதிலாக, நான்கைந்து விநாடிகளில் சிவக்கும் விரைவுப் பிளக்குகள் வந்தன. இவ்வளவு வேகமாகச் சூடாகும் பொருளை மனிதன் கை எண்ணிக்கைக்கு விட்டுவைத்தல் ஆபத்து என்பதால், கூடவே பெட்டியும் வந்தது. இஞ்சின் தண்ணீரின் சூட்டை ஒரு உணர்கருவி மூலம் அறிந்து, எத்தனை விநாடி மின்சாரம் கொடுப்பது என்று பெட்டியே முடிவு செய்யும். சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்யலாம். இஞ்சின் சூடாயிருந்தால் பெட்டி பிளக்கைத் தொடுவதேயில்லை.

நம் மூத்த லாரி 1990-களில் செய்யப்பட்டது. அதில் மெதுவாகச் சூடாகும் பிளக்குகளும், கையால் திருப்பிப் பிடிக்கும் ஸ்விட்சும் கம்பெனியிலிருந்தே வந்தன. இளைய லாரி அதற்குப் பத்து வருஷம் பிந்தியது. அதில் விரைவுப் பிளக்குகளும் பெட்டியும் இருந்தன. இளைய லாரியைச் சதுரங்கப்பட்டினத்தில் கடலுக்கு அருகே நிறுத்திவைப்பது வழக்கம். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அதன் விளக்கு எரிவது நின்றது. காலை வேளைகளில் இஞ்சின் இருமத் தொடங்கிற்று. அப்போது பார்த்த மெக்கானிக், "பெட்டி போய்விட்டது, புதிதாக வாங்குவானேன்? ஒரு பொத்தான் வைத்துவிடுகிறேன்" என்றார். செலவு மிகக் குறைவு. நிர்வாகக் குழுவில் ஒருவரும் மறுப்புக் கூறவில்லை. சிக்கனம் என்று பாராட்டி ஒப்புதல் கொடுத்தவர்கள் நாமே.

மூத்த லாரியைப் பல வருஷங்கள் ஓட்டிய டிரைவர்தான் அப்போது இளைய லாரிக்கு மாற்றப்பட்டிருந்தார். பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துவது என்று அவர் கேட்டார். "பழைய வண்டியில் செய்த மாதிரியே, இருபது எண்ணுங்கள்" என்பது அவருக்குக் கிடைத்த விடை. அவர் அப்படியே இருபது எண்ணினார். ஐந்து விநாடிகளில் சிவந்து நிற்க வேண்டிய பிளக், தினந்தோறும் இருபது விநாடி காய்ந்தது. ஒரு வருஷத்துக்குள் இரண்டு தொகுதிப் பிளக்குகள் எரிந்தன. மூன்றாம் தொகுதியில் ஒன்றின் முனை ஊதிப் பெருத்து, கழற்றும்போது ஒடிந்து முன்னறைக்குள் தங்கிவிட்டது. சிலிண்டர் ஹெட்டை இறக்க வேண்டியதாயிற்று. எட்டு நாட்கள் லாரி நின்றது. வாடகை வண்டிக்குப் பணம் கொடுத்தோம்.

அப்போது நிர்வாகக் குழு கூடி, டிரைவரின் கவனக் குறைவே காரணமென்று தீர்மானித்து, செலவில் ஒரு பகுதியை அவருடைய சம்பளத்தில் மூன்று மாதம் பிடித்துக்கொண்டது. அவர் பதினெட்டு வருஷமாகச் சங்கத்தில் வேலை பார்ப்பவர். "சொன்னபடிதானே செய்தேன், ஐயா" என்று ஒரே ஒருமுறை கூறினார். அந்த வாக்கியம் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறவில்லை.

சென்ற மாதம் செங்கல்பட்டிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் வேறு வேலைக்காக லாரியைக் கொண்டுசென்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அவர் பொத்தானைப் பார்த்தார், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், "இந்தப் பிளக்கை இந்தப் பொத்தானோடு கட்டிவைத்தது யார்?" என்று கேட்டார். பிறகு, சங்கத்து அறையின் மூலையில் கிடந்த பழைய பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அதன் பித்தளை முனைகளில் உப்புக் காற்றினால் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. "அன்றைக்கே களிம்பைச் சுரண்டி, எர்த்து வயரைப் புதிதாகக் கட்டியிருந்தால் பெட்டி பிழைத்திருக்கலாம். இரண்டு மழைக்காலம் ஈரத்தில் கிடந்து இப்போது மெய்யாகவே கெட்டுவிட்டது" என்றார் அவர். நமக்குப் பதில் சொல்ல வாயில்லை.

இவ்வளவையும் கேட்டபின், பொத்தான் தீயது, பெட்டி நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அது மற்றொரு அவசரத் தீர்ப்பாகும். பொத்தானுக்காக டிரைவர்கள் கூறும் வாதத்தை நேர்மையோடு கேட்க வேண்டும். பெட்டி கெட்டால் உள்ளே என்ன நடந்தது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. கோவளத்துக்கு அப்பால் இரவு மூன்று மணிக்கு லாரி நின்றால், பொத்தானையும் நான்கு முழ வயரையும் எந்த டிரைவரும் சோதித்துப் பார்க்க முடியும். பெட்டியைச் சோதிக்க முடியாது. கடலோரத்தில் உப்புக் காற்று முதலில் கெடுப்பது நுட்பமான இணைப்புகளையே. உணர்கருவியின் முனை களிம்பேறினால், சூடான இஞ்சினையும் குளிர்ந்தது என்று பெட்டி எண்ணிக்கொள்ளும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால், ஓடும் வழியெல்லாம் பிளக் காய்ந்துகொண்டேயிருக்கும். இவை கற்பனைக் குறைகள் அல்ல.

இந்த வழக்கு நம்மூருக்கு மாத்திரம் உரியதுமன்று. 2022 வரை மறைமலைநகரில் கார்கள் செய்துவந்த ஃபோர்டு கம்பெனி, அமெரிக்காவில் 1983-ஆம் வருஷ மாடல் முதல் தன் சரக்கு வண்டிகளில் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியாரின் 6.9 லிட்டர் டீஸல் இஞ்சினைப் பொருத்தி விற்றது. பிறகு அது 7.3 லிட்டராக வளர்ந்து, 1994 வரை முன்னறை அமைப்போடு வழங்கிற்று. எட்டு சிலிண்டர்களுக்கு எட்டுப் பிளக்குகள்; அவற்றை ஆள்வது தானியங்கிப் பெட்டி. வண்டிகள் முதுமையடைந்து பெட்டிகள் தளர்ந்தபோது, அந்நாட்டு விவசாயிகளும் தொழிலாளிகளும் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பொத்தான் வைத்துக்கொண்டார்கள். சிலருக்கு அது பல வருஷம் உழைத்தது. சிலருக்கு ஒரே குளிர்காலத்தில் எட்டுப் பிளக்குகளும் எரிந்தன. வேறு சில அமெரிக்க வண்டிகளில் 6 வோல்ட்டுப் பிளக்குகளை வைத்து, 12 வோல்ட்டு மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும்படி பெட்டி அமைக்கப்பட்டிருந்தது. அத்தகைய பிளக்கை நேராகப் பொத்தானோடு கட்டினால் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிளக்கும் அதன் கட்டுப்பாடும் ஒரு ஜோடி. ஒன்றை மாற்றுகிறவர் மற்றொன்றையும் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

நம் நெசவாள அன்பர்களுக்கு இதனை விளக்கச் சொற்கள் அதிகம் தேவையில்லை. காஞ்சிபுரத்துத் தறிகளில் முன்பு அடை கட்டி நெய்தார்கள். எந்த இழை எப்போது எழும்ப வேண்டும் என்பது அடை நூல்களிலும், அவற்றை இழுத்துக் கொடுக்கும் உதவியாளின் கை நினைவிலும் இருந்தது. பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் வருஷ வாக்கில் அமைத்த பெட்டி வந்தபோது, அந்த நினைவு துளையிட்ட அட்டைகளில் ஏறியது. ஆள் மாறினாலும் பூ மாறாது. ஆனால் ஒரு புடவைக்குரிய அட்டைத் தொகுதியை வேறு கட்டுமானமுள்ள தறியில் மாட்டினால் என்ன ஆகும்? பெட்டியின் மேல் பழி போடுவோமா, நெய்தவர்மேல் பழி போடுவோமா? கோர்வைக் கரைக்கு இன்றும் இரண்டு பேருடைய கையும் கண்ணும் வேண்டியிருக்கின்றன. அங்கே கைதான் சரி. எங்கே கை, எங்கே பெட்டி என்று வேலையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

சாகுபடியாளர்களுக்கும் அனுபவம் உண்டு. வயலில் மின்சாரம் வந்ததும் தானே பம்பு செட்டை ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பலரிடம் இருக்கிறது. நடுநிசியில் டார்ச்சு விளக்கோடு வரப்பில் நடந்து பாம்புக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது அதன் பெரும் உபகாரம். ஆனால் வோல்டேஜ் குறைவாக வரும்போதும், மூன்றில் ஒரு பேஸ் இல்லாதபோதும் மோட்டாரைத் தடுத்து நிறுத்தும் காவல் சாதனம் கெட்டிருந்தால், அதே ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரின் காயிலை எரித்துவிடும். தானியங்கியை நம்புவதானால் அதன் காவலையும் பராமரிக்க வேண்டும். பெட்டியை வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோகிறவர்களுக்குப் பெட்டியும் உதவாது.

மேலும் ஒன்று. நம் சீதோஷ்ணத்தை மறந்து இந்த விவாதத்தை நடத்தக் கூடாது. அமெரிக்காவின் வட பகுதியில் தண்ணீர் உறையும் குளிரில் பிளக் இல்லாமல் இஞ்சின் எழும்பாது. நம் மாமல்லபுரக் கரையில் மார்கழி, தை மாதங்களின் விடியலிலும் வெப்பம் 20 டிகிரி செல்ஷியஸை ஒட்டியே நிற்கிறது. இந்த இளஞ்சூட்டில், ஆரோக்கியமான இஞ்சினுக்குப் பிளக்கின் உதவி சில விநாடிகளே தேவை. பிற்பகலில் ஒரு மணி நேரம் நின்ற லாரிக்கு அதுவும் பெரும்பாலும் வேண்டியதில்லை. அப்படியிருக்க, ஒரு லாரி நம் ஊரில் நீண்ட நேரம் சூடு கேட்கிறதென்றால், அது வேறு ஏதோ நோயைச் சொல்லுகிறது. பாட்டரி தளர்ந்து செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றலாம், எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், நாஸில் ஒழுகலாம், பிஸ்டன் வளையம் தேய்ந்து அமுக்கம் குறைந்திருக்கலாம், நான்கு பிளக்குகளில் ஒன்றிரண்டு அறுந்திருக்கலாம். பொத்தானை இன்னும் பத்து விநாடி அழுத்திப் பிடிப்பது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் போர்வை போர்த்துவதற்கு ஒப்பாகும். பொத்தானின் மெய்யான அபாயம் இங்கேதான் இருக்கிறது. பெட்டி குறித்த நேரத்தில் நிறுத்திவிடும். அதனால் நோய் வெளிப்படும். பொத்தானோ அழுத்துகிறவர் விரும்பும்வரை இணங்கிப்போகும். அதனால் நோய் மறைந்துகொள்ளும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்ததில் நாம் வந்தடைந்த முடிவு இதுதான்: ஒருவரே ஓட்டும் வண்டிக்குப் பொத்தான் போதும்; பலர் ஓட்டும் வண்டிக்குப் பெட்டியே தகும். தம் சொந்த வண்டியைத் தாமே ஓட்டுகிறவர் அதன் சுபாவத்தை அறிவார். எந்தக் காலையில் மூன்று எண்ண வேண்டும், எந்தக் காலையில் ஆறு எண்ண வேண்டும் என்பது அவர் காதுக்குத் தெரியும். சங்கத்து லாரியோ பொதுச் சொத்து. இன்று ஒருவர், நாளை மற்றொருவர், அறுவடைக் காலத்தில் தற்காலிகமாக வருகிற மூன்றாமவர் என்று பல கைகள் மாறுகின்றன. ஒருவர் தலையிலுள்ள எண்ணிக்கை மற்றவர் தலைக்குப் போய்ச் சேர்வதற்கு நாம் எந்த வழியும் செய்து வைக்கவில்லை. அந்த அறிவைப் பெட்டிக்குள் வைப்பதே பொதுச் சொத்துக்கு ஏற்றது.

ஆகையால் இளைய லாரிக்குப் புதிய பெட்டியும், அதற்குரிய பிளக்குகளும், உணர்கருவியும் சேர்த்து வாங்கப்பட வேண்டும் என்பது நம் பரிந்துரை. பெட்டியைக் கடற்காற்று நேரே படாத இடத்தில் பொருத்தி, முனைகளில் கிரீஸ் தடவி, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் களிம்பு பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிளக்கின் வயரையும் கழற்றி, பாட்டரியின் பாஸிட்டிவ் முனைக்கும் பிளக்கின் தலைக்கும் இடையே ஒரு சோதனை விளக்கை வைத்துப் பார்த்தால் போதும். விளக்கு எரிந்தால் பிளக்கின் கம்பி அறவில்லை, எரியாவிட்டால் அறுந்துவிட்டது. கால் மணி நேர வேலை இது.

மூத்த லாரியின் ஸ்விட்சை மாற்ற வேண்டியதில்லை. அதன் பிளக்குகள் அதற்கென்றே அமைந்தவை, ஜோடி பொருந்தியிருக்கிறது. ஆனால் எத்தனை விநாடி பிடிக்க வேண்டும், இஞ்சின் சூடாயிருந்தால் பிடிக்க வேண்டாம் என்னும் இரண்டு வரிகளைத் தமிழில் தெளிவாக எழுதி, ஸ்டியரிங்குக்கு அருகே ஒட்டிவைக்க வேண்டும். இதற்கு எந்தச் செலவும் இல்லை.

சொந்த வண்டியில் பொத்தான் வைத்துக்கொள்ள விரும்பும் அங்கத்தினர்களுக்கும் சில வார்த்தைகள் கூறுவோம். நான்கு பிளக்குகளும் சேர்ந்து தொடக்கத்தில் நாற்பது ஆம்பியருக்கு மேலும் மின்சாரம் இழுக்கக்கூடும். அவ்வளவும் டாஷ்போர்டிலுள்ள சிறு பொத்தான் வழியே ஓடினால் பொத்தான் உருகும். வண்டி தீப்பிடிக்கவும் கூடும். பொத்தான் ஒரு கனமான ரிலேயை மட்டும் இயக்க வேண்டும். பாட்டரியிலிருந்து பிளக்குக்குத் தடித்த வயரும் இடையே பியூஸும் இருக்க வேண்டும். விரைவுப் பிளக்கை நீக்கி, நீண்ட சூட்டைத் தாங்கும் வகையையோ, தன் சூட்டைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும் வகையையோ பொருத்த வேண்டும். கையை எடுத்தால் தானே விடுபடும் பொத்தானாக இருக்க வேண்டும். போட்டால் போட்டபடி நிற்கும் ஸ்விட்சு ஆகாது. இஞ்சின் எழும்பாத அவசரத்தில், காற்றுக் குழாயின் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைப் பிடிப்பதோ, ஈதர் தெளிப்பதோ, பிளக் சிவந்திருக்கும் இஞ்சினில் வெடியை வரவழைப்பதாகும். இதனை ஒருபோதும் செய்யலாகாது.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில், பொத்தானா பெட்டியா என்ற கேள்வியே எழுவதில்லை. இஞ்சின் முழுவதையும் ஆளும் கம்ப்யூட்டரே பிளக்கையும் ஆளுகிறது. ஆனால் புது லாரி வாங்கும் நிலையில் நம் சங்கம் இன்று இல்லை. இருக்கிற பழைய லாரிகளைக் கொண்டுதான் இன்னும் சில வருஷங்கள் கத்தரிக்காயும் ஜரிகையும் பயணம் செய்யப்போகின்றன. அவற்றை முறையோடு வைத்துக்கொள்வதே நமக்குள்ள வழி.

கடைசியாக, முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். டிரைவரின் சம்பளத்தில் பிடித்த தொகை முழுவதும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். தவறான பிளக்கைப் பொத்தானோடு இணைத்தது அவர் அல்லர். இருபது எண்ணும்படி தமக்குத் தாமே கட்டளையிட்டுக்கொண்டதும் அவர் அல்லர். மலிவு என்ற ஒரே காரணத்துக்காக, விசாரியாமல் ஒப்புதல் கொடுத்தது நிர்வாகக் குழு. பிறகு நஷ்டம் வந்தபோது, மேஜைக்கு அப்பால் நின்றவர்மேல் அதனைச் சுமத்தியதும் அதே குழுதான். அக்குழுவில் நாமும் இருந்தோம். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு, குற்றம் அவருடையதன்று என்பதும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். பணம் செலவாகிவிடும், எழுத்து நிற்கும். பதினெட்டு வருஷம் நம் சரக்கைச் சேதமின்றிக் கொண்டுசேர்த்தவருக்கு அந்த எழுத்தே உரிய மரியாதை.

"மெக்கானிக் சொன்னதை நம்பித்தானே செய்தோம், நம்மீது என்ன தவறு?" என்று குழுவில் சிலர் கேட்கிறார்கள். டிரைவரும் சொன்னதை நம்பித்தான் செய்தார். நமக்கு மன்னிப்பாகும் காரணம் அவருக்கு மட்டும் குற்றமாவது எந்த நியாயம்? "தொகை சொற்பம், இதைப் பெரிதாக்குவானேன்?" என்றும் சிலர் கூறுகிறார்கள். சங்கத்துக்குச் சொற்பமான தொகை, மாதச் சம்பளக்காரர் வீட்டில் பிள்ளைகளின் பள்ளிச் செலவாக இருக்கலாம்.

1904-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், இந்நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் நம் காஞ்சிபுரத்தில் பதிவாயிற்று. தனி மனிதருடைய ஞாபகத்தையும் நல்லெண்ணத்தையும் மாத்திரம் நம்பாமல், கணக்கையும் விதியையும் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைத்துத்தான் கூட்டுறவு என்பது இந்த மண்ணில் வேரூன்றியது. லாரியின் ஹீட்டர் பிளக்குக்கும் அதே விதி பொருந்தும். எவ்வளவு நேரம் சூடு கொடுக்க வேண்டும் என்பது பெட்டியில் இருக்கட்டும், அல்லது ஒட்டிவைத்த காகிதத்தில் இருக்கட்டும். யாரோ ஒருவர் போகிற போக்கில் சொன்ன வாய்ச்சொல்லில் இருக்க வேண்டாம்.

மகாசபைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் வைக்கப்படும். ஒன்று, பெட்டிக்குரியது, மற்றொன்று, டிரைவரின் பணத்துக்கும் பெயருக்கும் உரியது. இரண்டையும் அங்கத்தினர்கள் ஒரே மனதாக நிறைவேற்றித் தருவார்கள் என்று நம்புகிறோம். இரண்டில் ஒன்றுக்குத்தான் இவ்வருஷம் பணம் போதும் என்று பொருளாளர் கூறுவாரானால், முதலில் டிரைவருக்குக் கொடுத்துவிடுவோம். பெட்டி வரும்வரை ஐந்து மட்டும் எண்ணி லாரியை எழுப்ப அவருக்குத் தெரியும்.